ஓடைக்கரைத் துண்டு

இந்த மாநிலத்தின் வானிலையைப் பற்றி என்னிடம் யாரும் வாய் தவறிக்கூடக் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் லேசில் விடமாட்டேன். ரைன்லாந்து-ஃபால்ஸ் மாநிலத்தில் வைனுக்கான திராட்சை விளைகிற பகுதிகள் ஆறு. ஆறிலும் குனிந்து நிமிர்ந்து வேலை செய்த தமிழ்ப் பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று பல காலம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். அந்தப் பெருமைதான் ஒரு மனிதரின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டது. அதை எழுதி முடிக்காமல் எனக்கு நிம்மதி இல்லை.

கலியாணம் முடித்து ஜேர்மனிக்கு வந்தபோது எனக்கு இந்த மொழியில் வணக்கம்கூடச் சொல்லத் தெரியாது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி திராட்சை பறிக்கக் கூட்டிக்கொண்டு போனாள். பிறகு ஆட்களைச் சேர்த்துத் தோட்டம் தோட்டமாக அனுப்புகிற ஒருவரிடம் வேலை கிடைத்தது. எங்கள் ஆட்களிடம் என்ன வேலை என்று சொல்வதில்லை. கோயிலில் யாராவது கேட்டால் "தோட்ட வேலை" என்பேன். என்ன தோட்டம் என்று கேட்டால் "பழத்தோட்டம்" என்பேன். அதில் பொய் ஒன்றும் இல்லைதானே. வைனை நான் இன்றுவரை வாயில் வைத்ததில்லை, ஆனால் மூக்கால் அதன் ஊர் சொல்லிவிடுவேன்.

ஒவ்வொரு வருடமும் செப்டெம்பரில் எங்களை ஏற்றிக்கொண்டு வான் வண்டி புறப்படும். முதலில் தெற்கே ஃபால்ஸ். மேற்கிலிருந்து வருகிற மழைக்காற்றைக் காட்டுமலைகள் மறித்துவிடுவதால் அங்கே எல்லாமே முந்திப் பழுக்கும். முதல் வருடம் ஒரு வீட்டு மதிலோரம் அத்திப்பழம் பழுத்து விழுந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு, இது ஜேர்மனிதானா என்று நின்ற இடத்திலேயே நின்றேன். அடுத்தது ரைன்ஹெஸன். சுற்றிவர உள்ள மலைகள் மழையைப் பங்குபோட்டு எடுத்துவிடும், நடுவில் இருக்கிற மேடுகளுக்கு மிச்சம்தான் கிடைக்கும். மாலையில் சப்பாத்தைக் கழற்றினால் காலுறைக்குள் புழுதி இருக்கும். பிறகு நாஹே. ஒரு தோட்டத்தில் ஸ்வெட்டர் வேண்டும், வானில் பத்து நிமிடம் போய் இறங்கினால் அதைக் கழற்ற வேண்டும், அவ்வளவு கோணங்கித்தனமான ஊர். பிறகு நடு ரைன். ஆற்றுக்கு இரண்டு பக்கமும் செங்குத்து மலை, கீழே ரயில், மேலே பறிக்கிற எங்கள் காதுக்குள் காற்று. பிறகு ஆர் ஆற்றுப் பள்ளத்தாக்கு. அவ்வளவு வடக்கே திராட்சை விளையவே கூடாது. ஆனால் ஒடுங்கிய பள்ளத்தாக்கின் கரும்பாறைகள் பகல் முழுக்க வாங்கிய வெயிலை மாலையில் திருப்பிக் கொடுக்கும், அதனால் அங்கே கறுத்தப் பழம், சிவப்பு வைன். கடைசியாக மோசல். அங்கே சரிவில் ஏறினால் தட்டுத் தட்டாய் உடையும் கரும்பலகைக் கல் மத்தியானத்தில் சப்பாத்தைத் தாண்டிச் சுடும், விடியவோ ஆற்றிலிருந்து எழும்புகிற மூடுபனியில் பக்கத்து நிரையில் நிற்கிறவரின் முகம் தெரியாது.

இதையெல்லாம் புது ஆட்களுக்கு வானுக்குள்ளேயே வகுப்பெடுப்பேன். அவர்கள் நித்திரை கொள்ளப் பார்ப்பார்கள், நான் விடமாட்டேன்.

அழுகலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், கதையே அதில்தான் இருக்கிறது. குலையில் ஒருவகைப் பூஞ்சணம் பிடிக்கும். கறுத்தப் பழத்தில் அது பிடித்தால் நிறத்தைத் தின்றுவிடும், ஆகவே ஆர் பள்ளத்தாக்கில் அழுகினதைக் கண்டால் வெட்டிக் கீழே போட்டுவிட வேண்டும். மோசலின் வெள்ளைப் பழத்திலும் அதே பூஞ்சணம்தான். மழை சேர்ந்தால் அதுவும் புளித்து வினாகிரி மணக்கும், கீழே போட வேண்டியதுதான். ஆனால் விடியலில் மூடுபனியும் மத்தியானத்தில் காய்ந்த வெயிலுமாக இரண்டு மூன்று கிழமை, அதாவது பதினைந்து இருபது நாள் போனால், பழம் தோலோடு சுருங்கி, தண்ணீர் வற்றி, இனிப்பு மட்டும் மிஞ்சும். அதிலிருந்துதான் இந்த மாநிலத்திலேயே மிக அருமையான இனிப்பு வைன் வரும். இந்த அழுகலுக்கு ஜேர்மன்காரர் வைத்த பெயரின் பொருள் உயர்குலத்து அழுகல். அழுகலிலும் குலம் பார்க்கிற ஆட்கள் நாங்கள் மட்டுமில்லை என்று நான் பகிடி விடுவேன். எது எந்த அழுகல் என்று வானம்தான் தீர்மானிக்கும், அதை என்னைவிட யாருக்குத் தெரியும் என்பது அந்த நாளைய என் எண்ணம்.

ஏழு வருடத்துக்கு முந்தைய இலையுதிர் காலம் அது. எங்கள் நகரத்து அகதி விடுதியிலிருந்து ஒருவரை வேலைக்குக் கூட்டிவந்தேன். நாற்பது வயது இருக்கும். மனைவியும் நாலு வயது மகளும் யாழ்ப்பாணத்தில். அவருடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அலுவலகத்துக்குப் போய், இன்னும் திருப்பி அனுப்பவில்லை என்கிற கடதாசியைப் புதுப்பித்துக்கொண்டு வருவார். ஊரில் அவர் செய்ததும் முந்திரிகைத் தோட்டம்தான், திராட்சையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அங்கே பந்தல் போட்டு வளர்ப்பது, கொடி தூங்குவதே இல்லை, கத்தரித்துவிட்டால் மறுபடி காய்க்கும். அறுவடைக்கு முன் மோசல் தோட்டம் ஒன்றுக்கு இலை கிள்ளப் போன முதல் நாளே, கத்தரிக்கோலை அவர் பிடித்த பிடியைத் தோட்டக்காரர் கவனித்துவிட்டார்.

மோசலின் பக்கப் பள்ளத்தாக்கு ஒன்றில் தோட்டம் வைத்திருந்த அந்தத் தோட்டக்காரர் அதிகம் பேசாத மனிதர். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, இந்த ஆளைத் திராட்சைச் செய்கைக்கான ஆவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியில் சேர்க்க விரும்புகிறேன், அறுவடை முடிகிற கிழமையில் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கலாம் என்றார். தொழிற்பயிற்சி ஒப்பந்தம் கையில் இருந்தால் அலுவலகம் அவரை இருக்க விடும், பயிற்சி முடிந்து வேலையில் சேர்ந்தால் குடும்பத்தையும் கூப்பிடலாம். நான் தமிழில் சொன்னதும் அவர் கத்தரிக்கோலைத் துடைத்து உறையில் போட்டு, மறுபடி வெளியே எடுத்து, மறுபடியும் துடைத்தார்.

அதே மூச்சில் தோட்டக்காரர் எனக்கும் ஒன்று சொன்னார். இருபது வருடம் பருவத்துக்குப் பருவம் வந்து போகிறவள் நான், குளிர்காலமெல்லாம் வேலையில்லாமல் வீட்டில் இருப்பவள். அறுவடை நல்லபடி முடிந்தால் வருடம் முழுவதற்குமான மேற்பார்வையாளராக என்னை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். வீட்டுக்குப் போய்ச் சுவாமிப் படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் நகரத்துத் தமிழர்களுக்கு மொழிபெயர்ப்பாளரும் நான்தான். டொக்டரிடம், பள்ளிக்கூடத்தில், அலுவலகம் நாள் குறித்துக் கூப்பிடுகிற டெர்மினில், எங்கே என்றாலும் "அக்காவைக் கூட்டிக்கொண்டு போ" என்பார்கள். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொல்கிறவள் என்று பெயர். ஒருமுறை ஒருவருக்கு வந்த நோயின் பெயரைக்கூட அப்படியே முகத்துக்கு நேரே சொன்னேன். அது தர்மம் என்று நினைத்தேன்.

மோசல் அறுவடைக்கு நாங்கள் ஆர் பள்ளத்தாக்கிலிருந்து நேரே வந்தோம். அங்கே நாலு நாள் விடாத மழை. மழைச்சட்டைக்குள் நனைந்து, அழுகின குலைகளை வெட்டி வெட்டிக் கீழே போட்டு, கையெல்லாம் வினாகிரி மணம். அந்த மழையைத் தலைக்குள் வைத்துக்கொண்டுதான் இங்கே இறங்கினேன். தோட்டத்து வாசல் படலையடியில் தோட்டக்காரர் என்னிடம், ஓடைக்கரைத் துண்டில் சுருங்கின பழங்களைச் சின்ன வாளியில் தனியாகப் போடச் சொல் என்றார். நான் அப்போது கத்தரிக்கோல்களை எண்ணிக்கொண்டிருந்தேன், ஒன்று குறைந்தது. "தெரியும், தெரியும்" என்றேன். அந்தச் சொல்லைச் சொன்ன நேரத்தில் அவர் சொன்னதில் பாதிதான் என் காதில் ஏறியிருந்தது.

ஓடைக்கரைத் துண்டு மிகச் சிறியது, நாலு நிரை. ஓடை ஆற்றில் கலக்கிற இடம், விடிய அங்கேதான் மூடுபனி அதிகம் தங்கும். ஒரு ஆள் போதும் என்று யாழ்ப்பாணத்துக்காரரை அனுப்பிவிட்டு, மற்றவர்களோடு நான் மேலே ஏறினேன். கொஞ்ச நேரத்தில் கீழிருந்து கூப்பிட்டார். சினந்துகொண்டே இறங்கினேன்.

"அக்கா, உதுகளை என்ன செய்யிறது?" என்றார். கையில் ஒரு குலை. பாதி சுருங்கி, மண்ணிறமாய், மேலே சாம்பல் பூத்தமாதிரி.

"அழுகினதெல்லாத்தையும் வெட்டிக் கீழ போடும்."

"மணந்து பாருங்கோ அக்கா. புளிக்கேல்லை. தேன் மாதிரி ஒரு வாசம். எனக்கெண்டால் இதை வீச மனம் வரேல்லை."

"தம்பி, நாலு நாள் மழை பெய்ஞ்சிருக்கு. மழைக்குப் பிறகு வாற அழுகல் எல்லாம் ஒண்டுதான். எனக்குப் படிப்பிக்காமல் சொன்னதைச் செய்யும்."

"இஞ்ச நிலம் காய்ஞ்சு கிடக்கெல்லோ?"

"உம்மட்டை நான் கேட்டனானோ?"

அவர் கத்தரித்தார். குலையின் சுருங்கின பாதி அவர் சப்பாத்தடியில் விழுந்தது. நான் மூக்கைக் கிட்டக் கொண்டுபோகக்கூட இல்லை. நாலு நாள் மழை பெய்தது ஆர் பள்ளத்தாக்கில். இடையில் ஒரு மலைமேடு முழுக்க இருக்கிறது, மழை அந்தப் பக்கமே கொட்டி முடிந்துவிட்டது, இந்தப் பக்கப் பள்ளத்தாக்கில் மூன்று கிழமையாக ஒரு துளி விழவில்லை. ஆறு பகுதிகளின் வானிலையையும் வகுப்பெடுக்கிறவள் காலடி மண்ணைக் குனிந்து பார்க்கவில்லை.

பின்னேரம் பழம் பிழிகிற முற்றத்தில் வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தோம். தோட்டக்காரர் ஓடைப் பக்கமிருந்து நடந்து வந்தார். இரண்டு கையிலும் மண் ஒட்டின, மிதிபட்ட, சுருங்கின பழங்கள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு ஏதாவது பதில் வந்திருக்கும். அவர்களுடைய வீட்டில் அந்த நாலு நிரையிலிருந்து, பனியும் வெயிலும் சரியாக அமைகிற வருடங்களில் மட்டும், கொஞ்சப் போத்தல் இனிப்பு வைன் செய்வார்கள். அப்படி ஒரு வருடத்துக்காக ஐந்து வருடம் காத்திருந்ததாகப் பிறகுதான் சொன்னார். குலையை வெட்டினவரையும் என்னையும் முன்னால் கூப்பிட்டு, என்னிடம் ஜேர்மன் மொழியில், நிதானமாகச் சொன்னார்:

"இதைக் கீழே போடச் சொன்னது யார் என்று அவரிடம் கேள்."

எனக்கு அந்த நேரம் வந்தது பயம். வேறு பெயர் அதற்கு இல்லை. வருடம் முழுவதற்குமான வேலை போகப்போகிறது என்ற பயம், இருபது வருட அனுபவம் என்று பீற்றினதெல்லாம் ஆட்களுக்கு முன்னால் சிரிப்பாகப்போகிறது என்ற பயம். நான் அவர் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டேன்:

"இதை ஏன் கீழ போட்டனீர் எண்டு கேக்கிறார்."

அவர் என்னைப் பார்த்தார். தோட்டக்காரரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். வாளியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"அழுகினது எண்டு நினைச்சுப் போட்டன் எண்டு சொல்லுங்கோ அக்கா."

அதை நான் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன்.

படலையடியில் நான் "தெரியும்" என்றதால், சின்ன வாளியைப் பற்றி அவருக்குச் சொல்லியிருப்பேன் என்றே தோட்டக்காரர் எடுத்துக்கொண்டார். உடனே முடிவு சொல்லவில்லை, இந்தக் கிழமை முடியட்டும் என்றுவிட்டு உள்ளே போனார். அந்தக் கிழமை முழுக்க நான் அந்த மனிதருக்கு மத்தியானச் சாப்பாடு கட்டிக்கொண்டு போனேன். விடுதியில் நல்ல சாப்பாடு இல்லை என்று எனக்கு நானே சாட்டுச் சொன்னேன். ஒருநாள் முட்டைக்குழம்பு, ஒருநாள் கத்தரிக்காய்ப் பொரியல், ஒருநாள் விடிய எழும்பி இடியப்பம் அவித்து சொதியும் வைத்தேன். என் பிள்ளைகளுக்கே அப்படிச் செய்ததில்லை. அவர் பெட்டியை இரண்டு கையாலும் வாங்குவார், சாப்பிட்டுவிட்டு ஓடையில் கழுவித் தருவார். இரண்டு தரம் நான் தோட்டக்காரரின் அறைக் கதவுவரை போனேன். ஒருதரம் கையுறை வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்தேன். மற்றத்தரம் அதுவும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். "பிழை எல்லாரும் விடுவார்கள்" என்றார் தோட்டக்காரர். "நானும் விட்டிருக்கிறேன். ஆனால் சந்தேகம் வந்தால் கேட்க வேண்டும். கேட்காமல் வெட்டுகிற ஒருவருக்கு இந்தத் தொழிலை நான் எப்படிப் பழக்குவது?"

கேட்டார். கேட்டவர் அவர். மணந்து பாருங்கோ என்று குலையை என் முகத்துக்கு நேரே நீட்டியவர். ஆனால் நான் தோட்டக்காரர் சொன்னதை மட்டும் தமிழில் சொன்னேன்.

"சரி அக்கா. இவ்வளவு நாளும் வேலை தந்ததுக்கு நன்றி எண்டு சொல்லுங்கோ," என்றார்.

சொன்னேன்.

அடுத்த மாதம் அவர் வடக்கே போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு மேற்பார்வையாளர் வேலை கிடைத்தது. வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னபோது, "நீ வேணுமெண்டோ செய்தனி, விடு" என்றார். அழுகலை வீசச் சொன்னது வேண்டுமென்று செய்ததில்லை, அது உண்மை. யார் என்பதை ஏன் என்று மாற்றியது வேண்டுமென்று செய்ததுதான். அதை அவருக்கு நான் விளக்கவில்லை.

தோட்டக்காரரின் நிலவறையில் ஓடைக்கரைத் துண்டின் போத்தல்களுக்கென்று ஒரு தட்டு இருக்கிறது. கிடைத்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு போத்தல், அடியில் அவருடைய தகப்பன் கையால் எழுதின கடதாசித் துண்டு, பிறகு அவர் கையால் எழுதினது. அந்த வருடத்துக்கும் அவர் இடம் விட்டு வைத்திருக்கிறார், ஒரு போத்தல் அளவு. குளிர்காலத்தில் அந்தத் தட்டைத் தூசு தட்டுகிறது என் வேலை. ஏழு குளிர்காலமாகத் தட்டுகிறேன். வெறும் இடத்தையும் துடைக்கத்தான் வேண்டியிருக்கிறது.

இந்த வருடக் கோடையில் வடக்கே ஊன்ட்றொப் என்கிற ஊரின் அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போனோம். தேர் சுற்றி வந்து இருப்பிடத்துக்குத் திரும்பினபிறகு, கால்வாய்ப் பக்கம் நிழல் தேடி நடந்தேன். அங்கே, அன்றைக்கு என்னிடம் குலையை நீட்டிய அவர் நின்றார். தலைமயிர் நரைத்திருந்தது. பக்கத்தில் மனைவி, பட்டுப்பாவாடையில் ஒரு பதினொரு வயதுப் பெண்பிள்ளை. எனக்குத் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. அவர் கண்டுவிட்டார்.

"இஞ்ச பாருங்கோ, இவதான் எனக்கு இந்த நாட்டில முதல் வேலை எடுத்துத் தந்த அக்கா," என்று மனைவிக்குச் சொன்னார். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவருக்கு இந்தப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பயிற்சி கிடைத்ததாம். அது கிடைக்கவே இரண்டு வருடம் போயிற்றாம். குடும்பம் வந்து சேர்ந்து ஒன்றரை வருடம்தான். மகளுக்கு வந்த புதிதில் அப்பாவோடு கதைக்கக் கூச்சமாம். போனில் கண்ட ஆள், வீட்டுக்குள் நடமாடுகிறாரே என்று பார்த்தாளாம். அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

மனைவியும் மகளும் கடைகளைப் பார்க்கப் போனார்கள். இனியும் சொல்லாவிட்டால் நான் மனுசியே இல்லை.

"தம்பி, அண்டைக்கு அவர் ஏன் எண்டு கேக்கேல்லை. ஆர் சொன்னது எண்டுதான் கேட்டவர். நான் மாத்திச் சொன்னனான்."

அவர் கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபத்தைத் தேடினேன், இல்லை.

"தெரியும் அக்கா."

"என்னெண்டு?"

"ஆர், ஏன், எங்க, எப்ப. ஜேர்மன் வகுப்பில முதல் கிழமை படிப்பிக்கிறது அதைத்தானே. திருப்பிக் கதைக்கத்தான் எனக்கு அப்ப ஏலாது, விளங்கும்."

"பிறகேன் நீர் சொல்லேல்லை? என்னைக் கையால காட்டியிருந்தாலே அந்தாளுக்கு விளங்கியிருக்குமே."

"எனக்கு வேலை எடுத்துத் தந்த ஆளை, வெள்ளைக்காரனுக்கு முன்னால நான் எப்படி அக்கா கை காட்டுறது?" என்றார். பிறகு, குறை சொல்கிற குரலில் இல்லை, நடந்ததைச் சொல்கிற குரலில் சொன்னார்: "நீங்களே சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். அந்தக் கிழமை முழுக்கச் சோறு கட்டிக்கொண்டு வந்தனீங்கள் எல்லே? ஒவ்வொரு நாளும் பெட்டியைத் திறக்கேக்க, இண்டைக்கு அக்கா அவரிட்டைப் போய்ச் சொல்லிப்போட்டா, அதுதான் இது எண்டு நினைச்சுத்தான் சாப்பிட்டனான்."

தூரத்திலிருந்து மகள் ஜேர்மன் மொழியில் அப்பாவைக் கூப்பிட்டாள். "வாறன் அக்கா, சாப்பிட்டிட்டுப் போங்கோ, அன்னதானம் முடியேல்லை," என்றுவிட்டு அவர் போனார். நான் அன்னதானப் பந்தல்வரை போனேன். வரிசையில் நின்றேன். சோற்றுத் தட்டைக் கையில் தந்தபோது என்னால் வாங்க முடியவில்லை.